சலேத்தம்மாளின் தோளில் திறந்த தொடுவாய்

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், முற்பகல் பதினொன்றரை மணிக்கு, சங்குத்துறை நகரத்தின் சமூகநலக் கூடத்தில், கடற்கரை அழகுபடுத்தும் திட்டத்துக்காகப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கஸ்பாரின் மனைவி சலேத்தம்மாள் எழுந்து மேடையருகே போய்ச் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில் விரலை வைத்தாள். வைத்த வேகத்தில் படம் கிழிந்தது. “காலி இடம்னு இங்கன எழுதியிருக்கீகளே, அப்படின்னு உங்களுக்கு யாரு…” என்று அவள் பாதி கேட்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு போலீஸ்காரரின் தடி இடது தோளில் இறங்கியது. எலும்பு முறியும் சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. ரவிக்கையோடு சேர்ந்து தோல் நான்கு விரல் அகலத்துக்குப் பிளந்தது. பிளந்த இடத்திலிருந்து முதலில் கொஞ்சம் இரத்தமும், பிறகு கடலும் வந்தது.

மேடையில் இருந்த அதிகாரிகள் எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்துக் கோப்புகளை மேசைமேல் தூக்கி வைத்தார்கள். கஸ்பார் தன் துண்டைச் சுருட்டிக் காயத்தில் வைத்து அழுத்தினார்; முப்பத்தொரு வருடம் தன்னோடு படுத்து எழுந்த உடம்புக்குள் இவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று அவர் அறிந்திருக்கவில்லை. தரை ஈரமாகிவிட்டதால் கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது என்று குறிப்பேட்டில் எழுதினார்கள். திட்டத்தின் கடற்கரைச் சாலையில் பாதி அதற்குள் போட்டு முடிந்திருந்தது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் பதினொரு தையல் போட்டார். மதியம் கடலில் ஓதம் ஏறியபோது பதினொன்றும் ஒவ்வொன்றாகத் தெறித்தன. கடைசித் தையல் தெறித்த வேகத்தில் நூல் நர்ஸின் கன்னத்தைக் கீறியது. கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள், மறுநாள் காலைக்குள் கம்பி துருவேறி அறுந்தது. நான்காம் நாள் டாக்டர் கஸ்பாரை வராந்தாவுக்குக் கூட்டிவந்தார்.

“இதுக்கு நான் படிக்கல, பெரியவரே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. நல்ல தண்ணி மட்டும் குடுத்துக்கிட்டே இருங்க. உள்ள இருக்கதெல்லாம் வெளிய போவுது.”

“எத்தனை நாளைக்கு டாக்டர்?”

“மழை வரைக்கும் தாங்குனா பெரிசு.”

வீட்டில் நார்க்கட்டிலை வாசலை ஒட்டிப் போட்டு அவளைக் கிடத்தினார்கள். காயத்தில் ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறியது, இரண்டு தடவை வடிந்தது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றம் பெரிதாக இருந்தது, அந்த நாட்களில் பிளவு இன்னும் ஒரு விரற்கடை கிழிந்தது, அவள் கத்தாமல் வலைக்கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள், சட்டத்தில் அவள் நகங்கள் பதிந்த தடம் இருந்தது. உடைந்த எலும்பில் கொட்டலசுச் சிப்பி பிடித்தது. வாரம் ஒருமுறை கஸ்பார் படகின் அடியைச் சுரண்டும் கத்தியைக் கொதிநீரில் போட்டெடுத்து, அவள் பற்களுக்கிடையே கயிற்றை வைத்து, அதைச் சுரண்டி எடுத்தார்.

ஊர் அதிசயத்தை ஒரு வாரத்துக்குமேல் அதிசயமாக வைத்திருக்கவில்லை. கடலுக்குப் போகிறவர்கள் காலண்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டு, வாசலில் நின்று, “அக்கா தோளு ஏறிட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். துறைமுகத்துத் தண்ணீரில் எண்ணெய் மிதந்ததால் பெண்கள் அறுத்த மீனைச் சலேத்தம்மாளின் வாசல் ஓடையில் கழுவினார்கள். அந்தக் கருவாடு வெள்ளையாக இருக்கிறது என்று சந்தையில் பேர் வந்தது. காயத்திலிருந்து சாளைக் குஞ்சுகள் வந்தன, ஒருமுறை ஒரு கடல்குதிரை வந்தது, அதை ஒரு பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்தார்கள், இரண்டு நாளில் செத்தது. பங்குச் சாமியார் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, இதைத் தீர்த்தமாக மந்திரிக்கலாமா கூடாதா என்று ஆயரிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும் என்றார். சாலைக்கு மேற்கே புதிதாக வந்திருந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தார் வாடை அடிக்கிறது என்று மனுக் கொடுத்தார்கள். சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்து, பொதுத் தெருவில் உப்புநீர் விடுவது தண்டனைக்குரியது என்ற நோட்டீசைக் கதவில் ஒட்டினார். ஒட்டும்போதே அது நனைந்து கீழே விழ, குனிந்து எடுத்து, “நீங்களே உள்ள வச்சிக்கங்கம்மா” என்று அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் மட்டும் குறைந்துகொண்டே வந்தாள். ஆறு குடம் குடித்தாலும் உதடு வெடித்திருந்தது. ஆவணி முடிவதற்குள் கை வளையல் முழங்கைக்கு மேல் ஏறியது. கஸ்பார் அவளைத் தூக்கித் திருப்பிப் போடும்போது ஒவ்வொரு வாரமும் தன் கை அறியுமளவுக்குப் பாரம் குறைவதை உணர்ந்து, அதை அவளிடம் சொல்லாமல், “சாப்பிடு, சாப்பிடு” என்று மட்டும் சொன்னார்.

அந்தத் தண்ணீர் போன வழியை முதலில் கவனித்துப் பார்த்தவள் நகரமைப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இந்துமதி. கூட்டத்தில் கிழிந்த படத்தை ஒட்டிக் கையில் கொடுத்து, நேரில் அளவு சரிபார்த்துவர அவளை அனுப்பியிருந்தார்கள். வாசலில் விழுந்த தண்ணீர் பள்ளமான சாக்கடைப் பக்கம் போகாமல், இடப்புறம் திரும்பி, மேட்டில் ஏறி, வலைக்கூடத்தைச் சுற்றி, கட்டட இடிபாடு கொட்டி நிரவிய வெளியின் குறுக்கே வளைந்து வளைந்து போய், புதுச் சாலையின் ஓரத்தில் முட்டி நின்றது. இந்துமதி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். திரும்பி வந்தபோது கணுக்கால் வரை சேறு.

“இது தினமும் இதே வழியாத்தான் போகுமா?” என்று மீன் கழுவிக்கொண்டிருந்த பெண்களிடம் கேட்டாள்.

“வேற எங்க போவும்? தொடுவாய்க்குத்தான் போவும்.”

“அங்க ரோடுல்ல இருக்கு?”

“ரோடு நேத்து வந்தது. தண்ணிக்கு யாரு சொன்னா?”

காயல் நீர் கடலைத் தொடுகிற வாய் அது. வருடத்தில் பத்து மாதம் மணல் மூடிக் கிடக்கும். ஐப்பசி மழையில் மேற்கே உப்பளங்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் நகரத்துத் தெருக்களிலிருந்தும் இறங்கி வரும் நீர் காயலில் நிறைந்து, கரையில் சிலுவை நட்ட குருசடியின் இரண்டாம் படியைத் தொடும்போது, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து மணலை வெட்டி வாயைத் திறந்துவிடுவார்கள். முதல் வெட்டு கஸ்பாரின் குடும்பத்துக்கு உரியது. மூடிக் கிடக்கும் பத்து மாதமும் அந்த மணலில்தான் பெண்கள் நெத்திலியும் சாளையும் காயவைப்பார்கள். இன்னாருக்கு இந்த இடம் என்று உடைந்த ஓட்டுச் சில்லையோ சிப்பியையோ புதைத்து அடையாளம் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்களை ஆண்கள் யாரும் கேட்டதில்லை.

இந்துமதி தன் கையிலிருந்த படத்தை விரித்துப் பார்த்தாள். அந்த இடம் வெள்ளையாக இருந்தது. நிழல் மரங்களும், நடைபாதையும், நாயோடு நடந்துபோகும் ஒரு குடைக்காரப் பெண்ணும் அதன்மேல் வரையப்பட்டிருந்தன.

“மழைக்குத் தண்ணி போக ஒரு பைப் போட்டிருக்காங்க,” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. “ஒரு மீட்டர் பைப்.”

பெண்கள் சிரித்தார்கள். “எங்க மாமியா இடுப்பு அதைவிடப் பெரிசு,” என்றாள் ஒருத்தி.

கஸ்பார் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் படம் வரைகிறவர்கள் வந்தபோது, படகுக் கமிட்டி சார்பில் அவர்களை அழைத்துக்கொண்டு சுற்றியவர் அவர்தான். கடலுக்குள் பாறைத் திட்டுகள் எங்கெங்கே என்று கேட்டார்கள். மாமியார் பார், ரெட்டைக்கல்லுப் பார், ஊமையன் பார், தொம்மை செத்த பார் என்று நாற்பத்திரண்டு பாருக்குப் பெயரும் ஆழமும் என்ன மீன் எந்த மாதம் என்பதும் மூச்சுவிடாமல் சொன்னார். அவர்கள் வாய் பிளந்து எழுதிக்கொண்டார்கள். திரும்பிவரும் வழியில் தொடுவாய் மணலைக் கடந்தபோது, ஒருவன் பேனாவை நீட்டி, “இது என்ன இடம்?” என்று கேட்டான். அன்று ஞாயிற்றுக்கிழமை, மணலில் மீன் இல்லை. கஸ்பார் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அது சும்மா கிடக்க இடம்,” என்றார். அவர்கள் நீட்டிய வரைபடத் தாளின் கீழே கையெழுத்தும் போட்டார். வெளியூர் ஆளானால் தொட்டுப் பார்த்துக் கேட்டிருப்பான். மணலிலேயே பிறந்து, அதை மிதித்தே கடலுக்குப் போய்வந்த ஆம்பிளை ஒருவனால்தான் அதை அப்படிச் சொல்ல முடியும்.

இந்துமதி தன் அலுவலகத்தில் மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஐப்பசி பிறந்து ஐந்தாம் நாள் மழை இறங்கியது. நிற்காமல் பெய்தது. காயல் நிறைந்து, குருசடியின் இரண்டாம் படியைத் தொட்டு, மூன்றாம் படியை மூடி, குருசின் கால் வரை ஏறியது. பைப்பின் வாயில் ஒரு செத்த மாடு அடைத்துக்கொண்டது. மேற்கே உப்பளக் காலனியில் தண்ணீர் கூரையின் இறவாரத்துக்கு வந்தது. அங்கிருந்தவர்கள் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் ஏறி உட்கார்ந்தார்கள், கூரை உடைந்து இரண்டு பேர் உள்ளே விழுந்து வெளியே வரவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் தரைத்தளத்துக்காரர்கள் மாடிப்படியில் இருந்தார்கள். சாலை மட்டும் மேடாக, கறுப்பாக, மழையில் பளபளத்துக்கொண்டு கிடந்தது, அதன்மேல் இரண்டு ஜீப்போடு அறுபது போலீஸார் நின்றார்கள். சாலையில் கை வைத்தால் சுட உத்தரவு இருந்தது.

சலேத்தம்மாளின் தோள் வடிவதை நிறுத்திவிட்டது. ஓதம் ஏறியபடியே இருந்தது. கழுத்து வீங்கி, முகம் நீலம் பாரித்து, மூச்சு விடும்போது மார்புக்குள் அலை உடையும் சத்தம் கேட்டது.

மழையின் ஆறாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் படகுக் கமிட்டித் தலைவர் லிகோரி, வீட்டுக்கு ஓர் ஆளாக நூற்றுப்பத்துப் பேரோடு, மண்வெட்டிகளோடு, கஸ்பாரின் வாசலில் வந்து நின்றார். லிகோரி கஸ்பாருக்கு மச்சான் முறை. இரண்டு பேரும் ஒரே படகில் இருபது வருடம் போனவர்கள். வழக்கப்படி தலையில் துண்டு கட்டியிருந்தார். வழக்கப்படி வெற்றிலைத் தட்டு கொண்டுவந்திருந்தார். தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் சுறா பிளக்கிற கத்தி இருந்தது.

“மச்சான், தண்ணி குருசுக் காலைத் தொட்டுட்டு,” என்றார் லிகோரி. “வாய் வெட்டணும்.”

“வெட்டுங்க. ரோட்டுல கிடக்கு வாய்.”

“அங்கன துப்பாக்கி நிக்கி. பழைய வாய் செத்துப்போச்சு மச்சான். வாய் இப்ப எங்கன இருக்குன்னு ஊருக்கே தெரியும்.” அவர் கட்டிலைப் பார்க்காமல் பேசினார். “முதல் வெட்டு உங்க வீட்டுக்குள்ளது. அதுனாலதான் உன்கிட்ட வந்திருக்கோம். வேற ஆளு தொட மாட்டான். கொஞ்சம் அகலப்படுத்திவிட்டா போதும், தண்ணி போயிரும்.”

“அகலப்படுத்துனா அவ?”

மழை பெய்துகொண்டிருந்தது. பின்வரிசையில் ஒருவர், “காலனியில பதினாலு பிள்ளைக கூரைமேல இருக்கு, அண்ணாச்சி,” என்று மெதுவாகச் சொன்னார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதைக் கேட்க வரவேண்டியிருந்ததால் அவர்களில் யாரும் காலையில் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

லிகோரி தட்டை நீட்டினார். கஸ்பார் பக்கத்தில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்து ஒரே வீச்சில் தட்டோடு சேர்த்து லிகோரியின் வலக்கையில் போட்டார். மூன்று விரல்கள் வெற்றிலையோடு சேற்றில் விழுந்தன. அடுத்த வீச்சு லிகோரியின் தலைக்கு வந்துகொண்டிருந்தபோது நான்கு பேர் பாய்ந்து கஸ்பாரைக் கீழே தள்ளி, முகத்தைச் சேற்றில் அழுத்தி, முதுகில் முழங்காலை ஊன்றினார்கள்.

லிகோரி தன் கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் போன இடங்களிலிருந்து மூன்று தாரையாகத் தண்ணீர் வந்தது. அதை நக்கிப் பார்த்தார். வலியில் கோணிய முகத்தோடு அவர் சிரித்தார்.

“எனக்கும் வருது மச்சான்.”

அந்தத் தண்ணீர் சேற்றில் விழுந்து, இடப்புறம் திரும்பி, மேட்டில் ஏறி, சலேத்தம்மாளின் ஓடையோடு சேர்ந்துகொண்டு சாலையைப் பார்த்துப் போனது. எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கட்டிலிலிருந்து சலேத்தம்மாளின் குரல் வந்தது; நான்கு நாளாக அவள் பேசியிருக்கவில்லை.

“என்னைய ஒருத்திய வெட்டுனா நான் ஒருத்தி சாவேன், தண்ணியும் போவாது. கட்டிலத் தூக்குங்க. ரோட்டுக்குத் தூக்குங்க.” பிறகு, முகத்தில் சேறு அப்பியிருந்த தன் கணவனைப் பார்த்து, “எழும்பும்,” என்றாள். “அன்னைக்குக் கூட்டத்துல யாரு சொன்னதுன்னு கேட்டேம்லா? படத்துக்குக் கீழ உம்ம கையெழுத்தப் பாத்துட்டுத்தான் எழும்புனேன்.”

கஸ்பாரின் முதுகிலிருந்த முழங்கால்கள் தாமாகவே விலகின. அவர் எழுந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கட்டிலை நான்கு பெண்கள் தூக்கினார்கள். மண்வெட்டிகளோடு ஆண்கள், அரிவாள்மனைக் கட்டைகளோடு பெண்கள், கழுத்தளவு தண்ணீரில் காலனியிலிருந்து வந்து சேர்ந்த உப்பளக்காரர்கள், அவர்களில் தங்கபுஷ்பம் என்ற பெண் கூரை உடைந்து விழுந்து செத்த தன் மகனின் சட்டையை இடுப்பில் கட்டியிருந்தாள், எல்லாரும் சேர்ந்து பகல் பதினொரு மணிக்குச் சாலையில் ஏறினார்கள். ஓடை முட்டி நின்ற இடத்தில் கட்டிலை வைத்தார்கள். கஸ்பார் முதல் குத்து குத்தினார். இன்ஸ்பெக்டர் கையை உயர்த்தி இறக்கினார்.

அதற்குப் பிறகு அடி விழுந்தது. தலையில் விழுந்தது, கையில் விழுந்தது, குனிந்தவர்களின் முதுகில் விழுந்தது, விழுந்தவர்களின் வயிற்றில் பூட்ஸ் விழுந்தது. விழுந்த ஒவ்வோர் இடத்திலும் தோல் திறந்தது, திறந்த ஒவ்வோர் இடத்திலிருந்தும் கடல் வந்தது. ஒரு கிழவரின் உடைந்த பல் வரிசையிலிருந்து வந்தது, ஒரு பெண்ணின் பிளந்த புருவத்திலிருந்து வந்தது, தங்கபுஷ்பத்தின் கிழிந்த காதிலிருந்து வந்தது. அடித்தவர்களின் முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. நிறுத்து என்று மேலிருந்து சொல்ல வேண்டும், மேலிருந்து சொல்வதற்கான வயர்லெஸ்ஸில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆகவே அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள், தங்கள் அடியால் ஏறுகிற தண்ணீரில் தாங்களே கால் ஊன்ற முடியாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அடித்தார்கள், சில இளம் போலீஸ்காரர்கள் அழுதுகொண்டே அடித்தார்கள். ஒருவன் துப்பாக்கியை எடுத்து லிகோரியின் வயிற்றில் சுட்டான். லிகோரியின் வயிற்றிலிருந்து பனைமரத் தடிமனில் ஒரு தாரை பாய்ந்து ஜீப்பைக் கவிழ்த்தது, ஜீப்புக்கு அடியில் இன்ஸ்பெக்டர் போனார். லிகோரி கவிழ்ந்த ஜீப்பைப் பார்த்தபடி செத்தார்.

தார் இளகியது. ஜல்லி அரித்தது. அடியில் கொட்டியிருந்த உடைந்த சுவர்களும் ஓடுகளும் கழன்று உருண்டன.

கஸ்பாரின் தலையில் தடி விழுந்தது. அவர் காத்திருந்தார். நெற்றி வழியாக, கண் வழியாக, தாடி வழியாக இறங்கியது இரத்தம். வெறும் இரத்தம். சூடாக, கொழகொழவென்று, மற்றவர்களுடையதைப்போல எங்கேயும் ஓடாமல் அவர் சட்டையிலேயே தேங்கியது. பக்கத்தில் விழுந்துகிடந்த தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள்.

“உமக்கு மட்டும் என்ன இப்படி வருது?”

அவர் கடப்பாரையை ஓங்கிக் குத்தினார். வலது முழங்கையை ஒரு தடி உடைத்தது; இடது கையால் குத்தினார். கிழக்கிலிருந்து கடலும் மேற்கிலிருந்து காயலும் அரித்து அரித்து, கடைசியில் ஒரு கட்டில் அகலத்துக்குச் சாலை மீதியிருந்தது. அந்த மீதியின்மேல்தான் கட்டில் இருந்தது.

“தூக்குங்க அவள,” என்றார் கஸ்பார்.

பெண்கள் கட்டிலைத் தூக்கினார்கள். தூக்கிய மாத்திரத்தில் எல்லார் காயமும் வற்றியது, அரிப்பு நின்றது, மேற்கே காயல் ஒரு விரல் ஏறியது. கீழே வைத்தார்கள், ஓடத் தொடங்கியது. மறுபடி தூக்கிப் பார்த்தார்கள். மறுபடி நின்றது. மூன்றாம் தடவை தூக்க யாரும் குனியவில்லை. மேற்கிலிருந்து, கூரைகளின் மேலிருந்து, பிள்ளைகளின் அழுகை மழைக்குள் கேட்டது.

கஸ்பார் கடப்பாரையைக் கீழே போட்டார். கட்டில் சட்டத்தை இடது கையால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். “முங்கட்டும்,” என்றார். “ஊரு முங்கட்டும். எனக்கு இவ வேணும்.”

போலீஸும் அடிக்கவில்லை. தடியைக் கீழே தொங்கவிட்டபடி அவர்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சலேத்தம்மாள் அவர் தலையிலிருந்த இரத்தத்தை விரலால் தொட்டாள். சேலைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள், அவர் தெளிவாகப் பார்க்கும்படி.

“என்னையக் கேட்டீரா?” என்றாள்.

அவர் கட்டில் சட்டத்தை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“அன்னைக்கும் கேக்கல. இன்னைக்கும் கேக்கல.”

அவள் காலைக் கீழே ஊன்றி எழுந்தாள். மூன்று மாதமாக எழாதவள் எழுந்து நின்றபோது தோளிலிருந்து தண்ணீர் சேலைபோல இறங்கியது. அவரை அவள் வலக்கையால் நெஞ்சில் தள்ளினாள். காற்றைவிடப் பாரமில்லாத அந்தக் கையின் தள்ளலில் அவர் வடகரைச் சேற்றில் போய் விழுந்தார். கடப்பாரையை எடுத்தாள். வாய் வெட்டும் நாளில் பெண்கை இரும்பைத் தொடக்கூடாது என்பது வழக்கம். அங்கிருந்த யாருக்கும் அப்போது அது நினைவுக்கு வரவில்லை. கஸ்பார் சேற்றில் ஊர்ந்து வந்து அவள் சேலையைப் பிடித்தார். அவள் குத்தினாள். அவர் கையில் ஒரு சாண் துணி இருந்தது.

வாய் திறந்தது. இரு கை விரித்த அளவில் நாற்பது பாகம் அகலத்துக்குத் திறந்தது. சாலையையும், ஜீப்புகளையும், நிழல் தர நட்டிருந்த மரக்கன்றுகளையும், பதினொரு பேரையும், செத்த மாட்டையும் வாரிக்கொண்டு காயல் கடலுக்குள் போனது. மாலை நான்கு மணிக்குக் காலனியின் திண்ணைகள் வெளியே தெரிந்தன. அடிபட்ட எல்லாருடைய காயமும் ஒரே நேரத்தில் மூடி, மூடிய இடத்தில் உப்பு ஒரு கோடாகப் படிந்திருந்தது.

மூன்றாம் நாள் மழை விட்டதும் சலேத்தம்மாளைப் புது வாயின் தென்கரை மணலில் கண்டெடுத்தார்கள். உடம்பு கெடவில்லை. மாதக்கணக்கில் வெயிலில் கிடந்ததுபோல் காய்ந்திருந்தாள். தூக்க ஆறு பேர் போனார்கள். ஒருத்தியே போதுமாக இருந்தது.

பிறகு விசாரணைக் கமிஷன் வந்தது, போனது. சாலையை உள்ளே தள்ளி மேற்கே கொண்டுபோனார்கள், வாயை அடைக்க வேண்டாம் என்று எழுதினார்கள். இந்துமதியை மறுபடி பழைய பிரிவுக்குக் கொண்டுவந்து புதுப் படம் வரையச் சொன்னார்கள். அவள் தென்கரை மணலில் நான்கு நாள் உட்கார்ந்து பெண்களிடம் ஒவ்வொரு துண்டின் பெயரையும் கேட்டு எழுதினாள், அறுபத்தொரு பெயர். ஒரு துண்டுக்கு மட்டும் என்ன பெயர் என்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. இந்துமதி கஸ்பாரிடம் வந்தாள்.

“உங்க வீட்டம்மா தன் இடத்தை என்னன்னு சொல்லுவாங்க ஐயா?”

கஸ்பாருக்கு நாற்பத்திரண்டு பாரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன.

“தெரியாதும்மா,” என்றார்.

அந்த ஒரு துண்டு படத்தில் வெள்ளையாக இருக்கிறது. ஒவ்வோர் ஐப்பசியிலும், காயல் நிறைந்து தானாகவே வாய் திறக்கும் நாளில், கஸ்பார் அந்தத் துண்டில் போய் உட்கார்ந்து, சுறாக் கத்தியால் தன் இடது தோளை நான்கு விரல் அகலத்துக்குக் கீறிப் பார்க்கிறார். பக்கத்துத் துண்டுகளுக்குரிய பெண்கள் தடுப்பதில்லை. முடிந்ததும் கட்டுவதற்குத் துணி மட்டும் கொண்டுவருகிறார்கள். இதுவரை பன்னிரண்டு தழும்பு. வருவது இரத்தம்தான்.